சரசுவதி மகாலும் சரபோஜி மன்னரும்

தஞ்சை மாநகருக்குச் செல்வோருள் பலர் பெருவுடையார் கோயிலைக் கண்டு மகிழ்ந்து அவ்வளவில் ஊர் திரும்பிவிடுகின்றனர். கோயிலுக்கு வடகிழக்கே, சிறிது தொலைவில், மராட்டிய மன்னர்கள் வாழ்ந்த அரண்மனை வளாகம் உள்ளது. அதனுள் அமைந்திருப்பதே சரசுவதி மகால் நூலகம். அதன் முழுப் பெயர் தஞ்சாவூர் மகாராஜா சரபோஜியின் சரசுவதி மகால் நூலகம் என்பதாகும். ஒரு நூலகத்திற்கு ஒருவர் பெயர் சூட்டப்பெறுவது புதுமையன்று. ஆனால், அந்நூலகத்தைத் தோற்றுவித்தவர் அல்லாத ஒருவருடைய பெயர் அதற்கு நிலைத்தது எவ்வாறு? அரசு முழுவதையும் இழந்த ஒரு குடும்பத்தின் உடைமையாகிய ஏட்டுச் சுவடிகள் சிதறாமல் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தத்துப் பிள்ளை

தஞ்சையை நாயக்க மன்னர்கள் ஆண்ட காலத்திலேயே அரண்மனையில் ஒரு சுவடி நிலையம் இருந்தது. அதனைச் சரசுவதி பண்டாரம் என வழங்கினர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி மராட்டியரிடம் சென்றது. சிவாஜி மன்னரின் தம்பியாகிய ஏகோஜியின் வழிவந்தோரும் கல்வியில் ஈடுபாடு உடையவர்களாகவே விளங்கினர். ஆதலின் அச்சுவடிகள் அழியாமல் தொடர்ந்து பேணப்பட்டன.

அம்மரபில் வந்த துளஜா மன்னருக்குத் தம் மக்களை எல்லாம் இழக்கும் துயரம் நேர்ந்தது. அதனால் 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போன்சலே குடும்பத்தின் வேறொரு கிளையில் 1777 செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்த சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்துச் சரபோஜி எனப் பெயரிட்டார். தம் இறுதி நெருங்குவதை உணர்ந்த மன்னர், தஞ்சையில் சமயப் பணி புரிந்துவந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சு என்பவரை அழைத்து அச்சிறுவனின் நலத்தை அவர் பொறுப்பில் விட்டார். அதே ஆண்டிலேயே துளஜா காலமானார்.

மன்னரின் தந்தைவழிச் சகோதரராகிய அமர்சிங், முதலில் சிறுவனின் காப்பாளராக இருந்து, பின்னர் அரியணையைத் தாமே கைக்கொண்டார். தத்தெடுத்தது சாத்திரப்படி செல்லுமா என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் பண்டிதர்களை வினவியபோது, அது செல்லாது என்னும் விடையே கிடைத்தது. அரசுரிமையை இழந்த சிறுவன் அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்டான். கல்வியும் அவனுக்கு மறுக்கப்பட்டது. பாதிரியார் சுவார்ட்சு இதனைக் கேள்வியுற்றுக் கம்பெனியாரிடம் இடைவிடாது முறையிட்டார். அதன் பயனாக 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கெரிக்கே என்னும் பாதிரியாரிடம் பயிலும் வாய்ப்பைப் பெற்றார்.

தத்துரிமை பற்றிய வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. இம்முறை காசி முதலிய இடங்களின் பண்டிதர்கள் அதே சாத்திர நூல்களைக் கொண்டே தத்து செல்லும் எனத் தீர்ப்புரைத்தனர். 1798ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் சரபோஜி அரியணை ஏறினார். அந்நாளுக்காகப் பல்லாண்டுகள் உழைத்த சுவார்ட்சு அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்திலேயே அவர் இறந்துவிட்டார். தம் ஆசானின் நினைவாக, இலண்டன் நகரச் சிற்பி பிளாக்ஸ்மன் என்பவரைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்து, தஞ்சைச் சிறு கோட்டையில் உள்ள தேவாலயத்தில் வைக்கச் செய்தார் மன்னர். தம் சமயத்தினின்று சிறிதும் வழுவாமல் பிற சமயத்து ஆசிரியரை இவ்வாறு போற்றியமை அவருடைய பண்பைக் காட்டுகிறது.

ஒரே நூலை வைத்துக்கொண்டு ஒரு சாரார் தம் உரிமையைப் பறித்ததையும், மற்றொரு சாரார் அதனை மீட்டுத் தந்ததையும் இளமையிலேயே அனுபவித்து அறிந்தவர் இம்மன்னர். நூல்களைத் தேடித் தொகுப்பதிலும் பலவற்றை ஒப்புநோக்குவதிலும் பிற்காலத்தில் அவர் காட்டிய பேரார்வத்திற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது.

நாடு இல்லாத மன்னர்

அரியணை ஏறி ஓராண்டும் சில மாதங்களுமே சென்றிருந்த நிலையில், 1799 அக்டோபர் 25ஆம் நாள், சரபோஜி கம்பெனியாரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி தஞ்சை நாட்டின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கம்பெனியாரிடம் சென்றது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு உரியனவாயின. அவருடைய அதிகாரம் தஞ்சைக் கோட்டை அளவில் சுருங்கிற்று.

இதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் மறைக்கவேண்டுவதில்லை. நெப்போலியனைக் கம்பெனியாரின் நாட்டவர் வென்றதைக் கொண்டாடும் பொருட்டுக் கடற்கரையோரத்தில் மனோரா என்னும் கோபுரத்தை எழுப்பியவரும் இவரே. அரியணையையே கம்பெனியாரின் தயவால் பெற்ற இருபத்திரண்டு வயது இளைஞர் அவர்களை எதிர்த்து நிற்கும் நிலையில் இல்லை என்பதும் உண்மை. நாட்டை ஆளும் வேலை கையினின்று போய்விட்டது. செல்வமும் காலமும் எஞ்சின. இத்தகைய நிலையில் இருந்த சிற்றரசர் பலர் வேட்டையிலும் கேளிக்கையிலும் பொருளைத் தொலைத்தனர். சரபோஜியும் வேட்டையை விரும்பியவரே. ஆயினும் அவருடைய உள்ளம் மிகுதியாகச் சென்றது நூல்களின்பால்.

தமிழ், மராத்தி, தெலுங்கு, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். வேறு ஐரோப்பிய மொழிகளின் நூல்களையும் வரவழைத்துச் சேர்த்தார். 1826இல் கல்கத்தாவின் கிறித்துவப் பேராயர் ஹீபர் தஞ்சைக்கு வந்து அவரைக் கண்டு உரையாடினார். வேதியியலில் லவாசியே, தாவரவியலில் லின்னேயசு ஆகிய ஐரோப்பிய அறிஞர்களின் கருத்துகளை ஓர் இந்திய மன்னர் எளிதாக எடுத்துரைத்ததைக் கேட்டு வியந்து, அப்பேராயர் தம் குறிப்புகளில் அதனை எழுதிவைத்தார்.

நூல் சேர்த்த முறை

சரபோஜி மன்னர் நூல்களைத் திரட்டிய முறை கருதத்தக்கது. அவர் ஏட்டுச் சுவடிகளை விலை கொடுத்து வாங்கினார். விற்க விரும்பாதோரிடமிருந்து இரவல் பெற்றுப் படியெடுக்கச் செய்தார். இதற்கெனப் பண்டிதர்களையும் எழுத்தர்களையும் அரண்மனையில் ஊதியம் தந்து அமர்த்தியிருந்தார். 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரைக்குப் புறப்பட்டபோது, வழிநெடுகிலும் தீர்த்தங்களில் நீராடியதோடு சுவடிகளையும் தேடினார். காசி முதலிய வடநாட்டுக் கல்வி நிலையங்களில் கிடைத்த வடமொழிச் சுவடிகள் பல அவ்வாறு தஞ்சைக்கு வந்து சேர்ந்தன. காசியின் படித்துறைகளைக் காட்டும் ஓவியத் தொகுதியும் அரண்மனையில் இடம்பெற்றது.

ஐரோப்பாவில் அச்சான நூல்களைக் கப்பல் வழியாக வரவழைத்தார். இவ்வாறு சேர்ந்தவை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. மருத்துவம், வானநூல், தாவரவியல், கட்டடக்கலை, இசை, வரலாறு என அவை பல துறைகளைச் சார்ந்தவை. ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெரும்புலவர் தொகுத்த அகராதியின் 1784ஆம் ஆண்டுப் பதிப்பு, மனித முகங்களை விலங்குகளின் முகங்களோடு ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெபிரன் வரைந்த படங்களின் தொகுதி ஆகியவை அவற்றுள் சில. இந்நூல்கள் பலவற்றில் மன்னரின் ஆங்கிலக் கையொப்பத்தை இன்றும் காணலாம். சில நூல்களின் ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளும் உள்ளன. அலமாரிக்கு அழகாக வாங்கி அடுக்கியவரல்லர், எடுத்துப் படித்தவர் என்பதற்கு இவையே சான்று.

அரண்மனையிலேயே 1805இல் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றையும் நிறுவினார். ஈசாப்புக் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு அங்கே அச்சிடப்பட்டு 1806இல் வெளிவந்தது. தென்னாட்டில் ஓர் இந்திய மன்னர் தம் அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்துச் சிறுவர்க்குரிய கதைநூல் ஒன்றை வெளியிட்டார் என்பது, ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு எத்துணை மகிழ்ச்சி தரும் செய்தி! நவவித்யா கலாநிதி சாலை என்னும் பள்ளியையும் அவர் ஏற்படுத்தினார். நம் நாட்டு மொழிகளும் சாத்திரங்களும் ஐரோப்பியப் புதுக் கலைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன.

தம் முன்னோரின் வரலாற்றையும் அவர் கல்லில் பொறிக்கச் செய்தார். பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் 1803இல் மராத்தி மொழியில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு போன்சலே குலத்தின் வரலாற்றை விரித்துரைக்கும் மிக நீண்ட கல்வெட்டாகும். தமிழ்ப் புலவர்களும் அவரிடம் ஆதரவு பெற்றனர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இயற்றினார்.

மருந்தும் உணவும்

நூலறிவு பிறர் துயர் துடைக்கப் பயன்படவேண்டும் என்பதை இம்மன்னர் தம் செயலால் காட்டினார். அரண்மனையில் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ ஆய்வு நிலையத்தை அமைத்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய முறைகளில் வல்லவர்கள் அங்கே ஒருங்கே பணிபுரிந்தனர். ஆராய்ந்து பயன் கண்ட மருந்து முறைகளைத் தமிழ்ப் புலவர்களைக் கொண்டு செய்யுளாகப் பாடச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்கும் அந்நூல்கள் நோய்வாரியாகப் பகுக்கப்பட்டவை. பிற்காலத்தில் இந்நூலகமே அவற்றைப் பல தொகுதிகளாக அச்சிட்டது.

கண் மருத்துவத்தில் மன்னருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. ஐரோப்பிய மருத்துவர் ஒருவரின் துணையுடன் கண்புரை அறுவைச் சிகிச்சைகள் அங்கே நடைபெற்றன. நோயாளியைப் பற்றிய விவரமும் நோயின் தன்மையும் சிகிச்சைக்குப் பின் காணப்பட்ட மாற்றமும் முறையாகக் குறித்துவைக்கப்பட்டன. நோயுற்ற கண்ணை ஓவியரைக் கொண்டு வண்ணத்தில் வரையவும் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த நோயாளிப் பதிவுகள் இந்நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இக்காலக் கண் மருத்துவ வல்லுநர்களும் அவற்றை ஆராய்ந்து பாராட்டியுள்ளனர்.

இராமேசுவரம் செல்லும் வழியில் மராட்டிய மன்னர்கள் அமைத்த சத்திரங்கள் பலவாகும். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் சரபோஜி அமைத்த சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. வழிப்போக்கர்க்கு உணவளித்ததோடு மாணவர்க்குக் கல்வியும் அளித்த அறச்சாலையாக அது விளங்கிற்று.

உயில் இல்லாச் செல்வம்

1832 மார்ச் 7ஆம் நாள் சரபோஜி மன்னர் மறைந்தார். அவருடைய மகன் சிவாஜி அவருக்குப் பின் பட்டமேற்று 1855 அக்டோபரில் ஆண்வாரிசு இன்றி இறந்தார். அப்போதுதான் நூலகத்திற்குப் பேரிடர் நேர்ந்தது. தஞ்சை அரசு முடிவுற்றது எனக் கம்பெனியார் அறிவித்தனர். கோட்டையையும் நிலங்களையும் நகைகளையும் மட்டுமன்றி, அரண்மனையில் இருந்த தனியுடைமைகளையும் தம் வசமாக்கிக்கொண்டு முத்திரையிட்டனர்.

மூத்த இராணி காமாட்சி பாய் சாகேப் அஞ்சி ஒடுங்கிவிடவில்லை. அரசுரிமை எவ்வாறாயினும் குடும்பத்தின் தனியுடைமையைக் கம்பெனியார் எடுத்துக்கொள்ளுதல் முறையாகாது எனச் சென்னையில் இருந்த உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அங்கே இராணியாருக்கு வெற்றி கிடைத்தது. ஆனால், இலண்டனில் உள்ள பிரிவிக் கவுன்சில் 1859இல் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. கம்பெனியாரின் செயல் ஓர் அரசு மற்றோர் அரசின்மீது மேற்கொண்ட செயல். ஆதலின் அதனை விசாரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் முடிவு. அரச நடவடிக்கை பற்றிய சட்டத்தைப் பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் புகழ்பெற்ற வழக்காக அது நிலைத்துவிட்டது. சட்டத்தில் தோற்றபோதிலும் இராணியாரின் முயற்சி வீண்போகவில்லை. 1862இல் அரசாங்கம் கருணையின் பேரில் தனியுடைமைகளை இராணிகளிடம் திருப்பித் தந்தது. முத்திரையிட்ட பொருள்களை ஏலத்தில் விட்டிருந்தால் இச்சுவடிகள் எந்தெந்த நாட்டிற்குச் சென்றிருக்குமோ, எத்தனை அடுப்பெரிக்கப் போயிருக்குமோ, யார் அறிவார்!

அதன்பின் தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்னும் ஆங்கிலேய வடமொழி அறிஞர் அரசாங்கத்தின் ஏற்பாட்டின்படி இச்சுவடிகளை ஆராய்ந்து அட்டவணைப்படுத்தினார். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்திய அவ்வட்டவணை 1880இல் இலண்டனில் அச்சாயிற்று. தஞ்சை அரண்மனையில் புதையுண்டு கிடந்த செல்வத்தின் பெருமையை உலகறிஞர்கள் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தனர்.

அரண்மனையிலிருந்து மக்களுக்கு

ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கும்வரை எந்த நூலகத்திற்கும் பாகப்பிரிவினை என்னும் அச்சம் உண்டு. நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் விளையும். நூலகத்தைப் பிரித்தால் அது நூலகமாகவே இராது. இதனை அரச குடும்பத்தினர் உணர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பச் சொத்துகள் பற்றிய வழக்குகள் நடந்துவந்த சூழலிலும், சுவடிகளைப் பங்கிட்டுக்கொள்ளாமல் பொதுமக்களுக்கே உரிமையாக்க அவர்கள் இசைந்தனர். அத்துடன் நில்லாமல், நூலகத்தின் பராமரிப்புக்கென ஒரு லட்சம் ரூபாயையும் உடன் அளித்தனர்.

1918 அக்டோபர் 5ஆம் நாளிட்ட ஆணையின் வாயிலாக அரசாங்கம் நூலகத்தை ஏற்று, அதன் நிர்வாகத்திற்கு ஒரு திட்டத்தையும் வகுத்தது. சரபோஜியின் பெயர் நூலகத்தின் பெயரோடு இணைந்து நின்றது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றும் மரபில் வந்த நம் வாசகர்களுக்கு இக்கொடையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு கொடை வேறு கொடைகளை அழைத்துவந்தது. தஞ்சையில் வாழ்ந்த சம்புநாத பட்டர் லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் ஆகியோர் குடும்பங்களில் வழிவழியாகப் பேணப்பட்ட சுவடித் தொகுதிகளும் இந்நூலகத்தை வந்தடைந்தன. பி. பி. சுப்பிரமணிய சாத்திரியார் வடமொழிச் சுவடிகளுக்கு 19 தொகுதிகள் கொண்ட விளக்க அட்டவணையைத் தொகுத்தார். எல். உலகநாத பிள்ளை தமிழ்ச் சுவடிகளுக்கு அத்தகைய அட்டவணையை உருவாக்கினார். 1939 முதல் நூலகம் தன் பருவ இதழை வெளியிடலாயிற்று. அச்சேறாத சிறு நூல்கள் பல அவ்விதழின் வாயிலாக முதன்முதலில் வெளிச்சம் கண்டன. 1983இல் இந்திய அரசு இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

ஏட்டைக் காக்கும் தொண்டு

இந்நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகள் ஏறத்தாழ 49,000 ஆகும். அவற்றுள் வடமொழிச் சுவடிகள் 39,000க்கும் மேற்பட்டவை. தமிழ்ச் சுவடிகள் ஏறத்தாழ 3,500. மராத்திச் சுவடிகள் ஏறத்தாழ 3,000. தெலுங்குச் சுவடிகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவையன்றி, மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்ட அரண்மனைக் கணக்குகளும் கட்டுக் கட்டாக உண்டு. அக்காலத்தில் யாருக்கு என்ன ஊதியம், எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு செலவு என்னும் செய்திகளையெல்லாம் அவற்றிலிருந்து அறியலாம்.

எண்ணிக்கையைச் சொல்வது எளிது, காப்பது அரிது. பனையோலை நம் நாட்டு வெப்பத்தில் உலர்ந்து ஒடியும். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூச்சிகளுக்கோ அது விருந்து. எவ்வளவு பேணினும் ஓர் ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. அதனாற்றான் நம் முன்னோர் பழுதுற்ற ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பதைக் கடமையாகக் கொண்டனர். சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிப்பைகளில் முடிந்து சுவடிகளுக்கு இடையே வைப்பார்கள். அந்த மணத்திற்குப் பூச்சிகள் அணுகா. உலர்ந்த ஏடுகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினால் அவை வளையும் தன்மையை மீண்டும் பெறும். கரி பூசினால் மங்கிய எழுத்துகள் தெளிவாகத் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மணப்பொடியை மாற்றவேண்டும். ஒருவர் மறந்தாலும் இழப்பு இழப்பே. பழைய முறைகளோடு நுண்படச் சுருள், கணிப்பொறி ஆகிய புதிய முறைகளும் இப்போது துணை நிற்கின்றன.

இவ்வாறு தொகுத்து நோக்கும்போது, சரபோஜியின் பெயர் நிலைத்ததன் காரணம் விளங்கும். சுவடி நிலையத்திற்கு வித்திட்டவர்கள் நாயக்க மன்னர்கள். அதனை மரமாக வளர்த்தவர் சரபோஜி. அம்மரம் வெட்டுண்ணாமல் காத்தவர் வழக்காடிய இராணியார். அதன் கனியைப் பொதுவாக்கியவர்கள் அவருக்குப் பின்வந்த குடும்பத்தினர். பட்டியலிட்ட அறிஞர்களும், துணிப்பையில் வசம்பு முடிந்து வைக்கும் பணியாளர்களும் அதனை வாடாமல் காத்துவருகின்றனர். இத்தனை பேர் தொண்டும் ஒருவர் பெயரின்கீழ் அடங்கியிருக்கிறது. மன்னர் தம்முடையது என்று உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்ட வராகன்கள் போயின. ஐந்தில் ஒரு பங்கு வருவாயும் போயிற்று. யாவர்க்கும் பயன்படும் என்று தேடித் தேடிச் சேர்த்த ஏடுகள் இருக்கின்றன.

நம் இல்லங்களிலும் தாத்தா காலத்து ஏட்டுக்கட்டோ, பழைய அச்சு நூலோ பரணில் கிடக்கக்கூடும். அதனைப் பாகம் பிரிக்கவும் வேண்டா. பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடவும் வேண்டா. துடைத்து, உலர்த்தி, பெயரெழுதி, அருகில் உள்ள நல்ல நூலகம் ஒன்றிற்கு அளித்தல் நலம். அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும் அன்பர்கள், பெரிய கோயிலை வணங்கியபின், பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு அரண்மனைக்குள் சென்று அந்த ஏடுகளைக் காட்டி வருவார்களாக.